வாடகை வீடும் சொந்த வீடும்: யாருக்கு எவ்வளவு உரிமை?

வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் தெருக்களில் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்காத தெரு அரிது. கீழே வீட்டுக்காரர், மேலே இரண்டு போர்ஷன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உழைத்து, ஓய்வு பெற்றபோது கிடைத்த பி.எஃப். பணத்தில் மாடி கட்டியவர்கள் இங்கே பலர். அந்த மாடியில் குடியிருப்பவரும் பெரும்பாலும் உழைப்பாளியே. ஞாயிறு திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் இவர்கள், வாடகை உயர்வுப் பேச்சு வந்தால் முகம் கொடுப்பதில்லை.

இந்தச் சண்டை பழையது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வீட்டுப் பஞ்சத்தில்தான் சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருப்பு வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்ற கணக்கில் நியாய வாடகையை அதிகாரி நிர்ணயிக்கலாம். குறிப்பிட்ட காரணங்கள் இன்றி யாரையும் வெளியேற்ற முடியாது. ஏழைக்கு அது அரணாக இருந்தது. ஆனால் சொந்த வீட்டைத் திரும்பப் பெற நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறியிறங்கிய விதவைகளும் முதியோரும் உண்டு. 'விட்டால் திரும்பாது' என்று பயந்து வீட்டைப் பூட்டி வைத்தவர்களும் உண்டு.

திருச்சபை யார் பக்கம்? திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், தொழிலாளி தன் சேமிப்பில் வாங்கும் நிலம் அவனது கூலியின் மறு உருவமே என்று வாதிட்டு, தனிச்சொத்துரிமையைக் காத்தார். பி.எஃப். பணத்தில் எழுந்த மாடிக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடைக்கமாட்டார். ஆனால் 1967இல் திருத்தந்தை 6ஆம் பவுல், அந்த உரிமை எவருக்கும் நிபந்தனையற்றதல்ல என்றார். படைப்பின் நலன்கள் எல்லாருக்கும் உரியவை. சொத்துரிமை அதற்குக் கீழ்ப்பட்டது. 'சொந்தமில்லை' என்று திருச்சபை சொல்லவில்லை. 'உன்னுடையதுதான், ஆனால் உனக்கு மட்டும் அல்ல' என்கிறது.

2019 பிப்ரவரி 22 முதல், 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் தமிழகத்தில் நடைமுறையில் உள்ளது. எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தகராறு என்றால் வாடகை நீதிமன்றம் உண்டு. வாடகையை மட்டும் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். என் பார்வையில் மாற்றத்தின் மையம் இதுதான். முன்பு அதிகாரியின் கையில் இருந்த நியாய வாடகை இப்போது நம் மனச்சாட்சியின் கைக்கு வந்துவிட்டது. வேலை இழந்த குடும்பத்திடம் எவ்வளவு உயர்த்தலாம், கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்கலாம், காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று அட்வான்சில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய காரியங்களாக நமக்குத் தோன்றுவதே இல்லை. வீடு கேட்டு வருபவரிடம் சாதி கேட்பதும் அப்படித்தான்.

குடிதண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்றக் கூடாது, முன்கூட்டியே தெரிவிக்காமல் குடியிருப்பவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்கிறது புதிய சட்டம். இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தில், கடன் கொடுத்தவன்கூட அடகுப்பொருள் வாங்க உள்ளே போகாமல் வெளியே நிற்க வேண்டும் என்று மோசே கட்டளையிட்டிருப்பதை இங்கே நினைக்கலாம். குடியிருப்பவருக்கும் கடமை உண்டு: வருமானம் இருந்தும் மாதக்கணக்கில் வாடகை தராமல் இழுத்தடிப்பது, அந்த ஓய்வூதியக்காரரின் மருந்துச் செலவைத் திருடுவதே.

நம் பங்குகளிலும் வாடகைக்கு விட்ட கடைகளும் வீடுகளும் இருக்கின்றன. 1976இல் தமிழக அரசு, இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமய அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்குப் பழைய சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்றது. சொற்ப வாடகையால் அறப்பணிகள் முடங்கக் கூடாது என்பதே காரணம். ஆகவே அந்த வருமானம் எந்த அறப்பணிக்குப் போகிறது என்று, ஆலயக் கணக்கு வாசிக்கப்படும் ஞாயிறன்று எழுந்து கேட்க நமக்கு உரிமை உண்டு.