பெட்ரோல் தொட்டிகளும் மூன்றாண்டுச் சோதனையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெட்ரோல் நிலையங்களில் எரிபொருளை நிலத்துக்கடியில் தேக்கி வைக்கும் வழக்கத்திற்குத் தீ விபத்து பற்றிய அச்சமே முதற்காரணம். ஆனால் தீயிலிருந்து காப்பதற்காகப் புதைக்கப்பட்ட தொட்டி ஈரமண்ணால் அரிக்கப்பட்டுத் துளைவிழுந்தபோது, அதிலிருந்து ஒழுகுவதைக் காண எவராலும் இயலவில்லை. 1980களுக்கு முன் புதைக்கப்பட்ட தொட்டிகளில் பெரும்பாலானவை அரிப்புத் தடுப்பு ஏதுமில்லாத வெறும் எஃகினால் ஆனவை. பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் என்பதால், குடிநீரில் அது நூறு கோடிப் பங்கில் 5 பங்கைத் தாண்டலாகாது என அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வரையறுத்துள்ள நிலையில், மிகச் சிறிய கசிவும் ஓர் ஊரின் கிணறுகளைக் குடிக்கத் தகாதவையாக்கப் போதுமானது. கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம், எம்டிபிஇ எனப்படும் பெட்ரோல் சேர்பொருள் தன் கிணறுகளில் கலந்துவிட்டதால் 1996இல் அவற்றை மூட நேர்ந்து, குடிநீர் வளத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்தது.

நிலத்தடித் தொட்டிகளை நாடு தழுவிய சட்டத்தின்கீழ்க் கொண்டுவர 1984இல் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் முடிவெடுத்தது. 1988இல் தொழில்நுட்ப விதிகள் வந்தன. பழைய தொட்டிகளை மேம்படுத்தவோ மாற்றவோ மூடவோ 1998 டிசம்பர் 22 வரை அவகாசம் தரப்பட்டது. ஆயினும் ஒவ்வொரு நிலையத்தையும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் அதிகாரி நேரில் சோதித்தாக வேண்டும் என்ற கட்டாயம் 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தில்தான் இடம்பெற்றது. விதி பிறந்து பதினேழு ஆண்டுகள் கழித்தே அதைச் சரிபார்க்கும் கால வரையறை பிறந்தது என்பது, குடிநீர் சார்ந்த ஒரு விஷயத்தில் எளிதில் பொறுத்துக்கொள்ளக்கூடிய தாமதம் அன்று.

பெரும்பாலும் மாநில அரசைச் சேர்ந்தவரான ஆய்வாளர், தாம் சோதிக்க வந்த தொட்டியை ஒருபோதும் காண்பதில்லை. அதைக் கண்காணிக்கும் கருவிகளையும் அக்கருவிகள் விட்டுச்சென்ற பதிவுகளையுமே அவர் சோதிக்கிறார். தரையிலுள்ள மூடிகளைத் திறந்து, லாரியின் குழாய் பொருத்தப்படும் வாயைச் சுற்றியுள்ள சிந்தல் வாளியில் விரிசலோ தேங்கிய எரிபொருளோ உண்டா என்றும், குழாய்களும் பம்பும் இணையும் சம்ப்பில் ஈரம் படிந்துள்ளதா என்றும் அவர் பார்க்கிறார். எஃகுத் தொட்டியாயின், சிறு மின்னோட்டத்தைச் செலுத்தித் துருப்பிடிப்பதைத் தடுக்கும் எதிர்முனைப் பாதுகாப்பு அமைப்பு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அளக்கப்பட்டதா என்பதும், அழுத்தத்தில் இயங்கும் குழாய்களில் மணிக்கு 3 கேலன், அதாவது ஏறத்தாழ 11 லிட்டர், கசிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் காட்டிக்கொடுக்கும் கருவி ஆண்டுதோறும் சோதிக்கப்பட்டதா என்பதும் பதிவேட்டிலிருந்தே தெரியவரும்.

கண்காணிப்பு முறைகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வு கவனிக்கத்தக்கது. தொட்டிக்குள் நிற்கும் மின்னணு அளவி, விற்பனையில்லா நேரத்தில் மணிக்கு 0.2 கேலன் இழப்பைக்கூட நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பில் கண்டறிய வேண்டும் என்பது விதி. அளவுகோலை இறக்கி அன்றாட இருப்பைக் குறித்து விற்பனைக் கணக்கோடு ஒப்பிடும் பழைய முறையிலோ, மாத விற்பனையில் ஒரு விழுக்காடும் அதனுடன் 130 கேலனும் சேர்ந்த அளவுவரை வேறுபாடு ஏற்றுக்கொள்ளப்படும்; ஒரு மாதத்தில் ஒரு லட்சம் கேலன் விற்கும் நிலையத்தில் 1,130 கேலன், அதாவது 4,200 லிட்டருக்கு மேல், காணாமற்போனாலும் ஏட்டின்படி குறையில்லை. வெப்பத்தால் எரிபொருள் விரிவதும் சுருங்குவதும் அளவையில் நேரும் பிழையும் இத்தளர்வுக்குக் காரணங்கள் எனினும், இம்முறையை மட்டும் நம்பிய நிலையத்தின் கசிவு நெடுங்காலம் மறைந்திருக்க முடியும் என்பதால்தான், அதை ஒரு தொட்டியின் முதற்பத்தாண்டுகளுக்கு மட்டும், அதுவும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் தனிக் கசிவுச் சோதனையோடு சேர்த்தே, விதிகள் அனுமதித்தன.

மூன்றாண்டுகளில் ஒருநாள் வந்துபோகும் அதிகாரியால் எஞ்சிய நாட்களைக் காக்க இயலாது. இந்த இடைவெளியை நிரப்பவே, 2015இல் திருத்தப்பட்ட விதிகள், நிலையத்தை நடத்துபவரே 30 நாட்களுக்கு ஒருமுறை சிந்தல் வாளிகளையும் கசிவறி கருவிகளையும் பார்வையிட்டுக் குறித்துவைக்க வேண்டும் என்றன. ஆய்வுமுறையின் உண்மையான பலம் இதில்தான் உள்ளது. அதிகாரியின் வருகை, அம்மாதாந்தரப் பார்வை நேர்மையாக நடந்ததா என்பதை உறுதிசெய்யும் அளவுக்கே பயன் தருகிறது. பெருங்குறை கண்டால் அவர் கையிலுள்ள வலிய கருவி அபராதத்தைவிட எரிபொருள் வழங்கல் தடையே: பல மாநிலங்களில் தொட்டியின் நிரப்பு வாயில் சிவப்பு அட்டை கட்டப்படும், அதன்பின் எந்த லாரியும் அதில் எரிபொருள் இறக்குவது சட்டப்படி குற்றமாகும்.

எரிபொருள் மாறும்போது ஆபத்தும் புது வடிவம் கொள்கிறது. கந்தகம் மிகக் குறைந்த டீசல் புழக்கத்துக்கு வந்தபின், 42 டீசல் தொட்டிகளின் உட்புறத்தை ஆராய்ந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அவற்றுள் 83 விழுக்காட்டில் உலோகப் பாகங்கள் நடுத்தரமாகவோ கடுமையாகவோ அரிக்கப்பட்டிருந்ததை 2016இல் வெளியிட்டது. உரிமையாளர்களில் கால்வாசிப் பேருக்கும் குறைவானவர்களே அதை அறிந்திருந்தனர். கண்ணாடியிழைத் தொட்டிகளிலும் உள்ளிருக்கும் உலோகப் பாகங்கள் இவ்வாறு அரிக்கப்படுவதால், தொட்டி 95 விழுக்காடு நிறைந்ததும் வரத்தை நிறுத்த வேண்டிய மிகைநிரப்புத் தடுப்பு வால்வு துருவேறி இறுகி, தேவைப்படும் வேளையில் மூடாமல் போகலாம். ஆகவே அது பொருத்தப்பட்டிருக்கிறது என்பதோடு நில்லாமல், மூன்றாண்டுகளுக்கு ஒருமுறையேனும் அது உரிய மட்டத்தில் உண்மையாகவே இயங்குகிறதா என்பதைச் சரிபார்த்துப் பதிவு செய்யுமாறு இப்போதைய விதிகள் கோருகின்றன.