கரிசலில் களை: கூலிக்கு முன் திட்டம்

சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கரிசல் காடுகளில் களை வெட்டுவது பெரும்பாலும் பெண்கள். பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்கும் அதே கைகள் வேண்டும். அங்கே மழையை நம்பாத வாரக் கூலி கிடைக்கிறது. களைக்கொல்லியைத் தொடாமல் பல ஏக்கரில் பருத்தி, சோளம், உளுந்து, மல்லி என்று கலந்து விதைக்கும் சம்சாரிக்கு ஆள் பஞ்சம்தான் முதல் சிக்கல்.

அடுத்தது மண். விருதுநகர் மாவட்டத்து மானாவாரிக்கு வடகிழக்குப் பருவமழையே ஆதாரம். கரிசல் நனைந்தால் காலோடு ஒட்டும், காய்ந்தால் இறுகி வெடிக்கும். இடையில் கொத்து இறங்கும் பதம் சில நாள்தான். பருத்தியோ முதல் 45 முதல் 60 நாள் வரை களையின் போட்டியைத் தாங்காது.

அதனால் களை வேலை சித்திரையிலேயே தொடங்க வேண்டும். கோடை உழவு கோரைக் கிழங்கையும் அருகின் தண்டையும் புரட்டி வெயிலில் காயவிடும். வெறுமனே மேலே கொத்தினால் கோரை கிழங்கிலிருந்து மறுபடி தளிர்க்கும். வீசி விதைக்காமல் வரிசையாக விதைத்தால், மாட்டையோ சிறு டிராக்டரையோ ஓட்டி இடையுழவு செய்யலாம். பருத்தி வரிசைகளுக்கு நடுவே இடையுழவுக்குப் பதில் உளுந்து போட்டால், அது தரையை மூடிக்கொள்ளும். பருத்தி படரும் நேரத்தில், சுமார் 70 நாளில் அறுவடைக்கும் வந்துவிடும்.

சோளக் காட்டின் எதிரி சுடுமல்லி. அது சோள வேரில் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும். தூசு போன்ற அதன் விதை மண்ணில் பல ஆண்டு உறங்கும். பக்கத்து வேரிலிருந்து கசியும் பொருள் பட்டால்தான் முளைக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் 1966-இல் அப்படி முளைக்கத் தூண்டும் ஸ்ட்ரைகால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது பருத்தி வேர்க் கசிவிலிருந்துதான். பருத்தியை நம்பி முளைக்கும் சுடுமல்லியால் அதன் வேரில் ஒட்டி வாழ முடியாது, செத்துப்போகும். ஆகவே பருத்தி போட்ட காட்டில் அடுத்து சோளம் போடுவது நல்ல முறை. ஒரே பட்டத்தில் விதை தீர்ந்துவிடாது. சோளத்தில் தலைகாட்டும் செடிகளைப் பூக்கும் முன் பிடுங்கியே ஆக வேண்டும்.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களில் பணிபுரிந்த கோ. நம்மாழ்வார், விலை கொடுத்து வாங்கும் இடுபொருள் மானாவாரிக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு அந்த வேலையை விட்டவர். ஆனால் சொந்தத் தொழுவத்து எருவிலும் கவனம் வேண்டும். சீமைக்கருவேல நெற்றைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்தில் விதை முளைப்புத் திறனோடு வெளியேறும். எருவைக் குவித்து, ஈரம் காத்து, கிளறிச் சூடேற்றி மக்கவைத்தால் பெரும்பாலான களை விதைகள் சாகும்.

இத்தனைக்கும் பிறகு பயிரை ஒட்டி முளைத்த களைக்குக் கைக்கொத்துதான் வழி. கிடைக்கும் சில ஆட்களை முதலில் இளம் பருத்திக்கும், மெதுவாக வளரும் மல்லிக்கும் அனுப்புவது நல்லது. இடையுழவு ஓடும் சோளக் காடு இரண்டு நாள் பொறுக்கும்.