செப்பேட்டில் உறங்கிய பாட்டும் திறந்தவெளி மேடையும்

புதுதில்லி: கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், தலைநகரில் எம்.பி.க்களின் இல்லங்களுக்கு வருவோரில் ஒரு பகுதியினருக்குத் தொகுதிப் பிரச்னை எதுவும் இருப்பதில்லை. திருமலை தரிசனத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும், அவ்வளவே. ஆந்திர உறுப்பினர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. தமிழக உறுப்பினர்களும் இதற்கு விலக்கல்லர். நெரிசல் கட்டுக்கடங்காத நாள்களில் இத்தகைய கடிதங்களை ஏற்பதைத் தேவஸ்தானமே நிறுத்திவைப்பதும் உண்டு.

ஆனால், அதே கோயிலின் எதிரே, எந்தக் கடிதமும் இல்லாமல் எவரும் சென்று அமரக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. நாத நீராஜனம் என்று பெயர் பெற்ற அந்தத் திறந்தவெளி மேடையில் மாலை வேளைகளில் கச்சேரி நடைபெறுகிறது. 2008-ல் தொடங்கப்பட்ட வெங்கடேஸ்வரா பக்தி தொலைக்காட்சி அதை நேரடியாக ஒளிபரப்புகிறது. முடி இறக்கிய தலையுடன், லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு ராக இலக்கணம் தெரியும்? சென்னை டிசம்பர் சபாக்களில் காண முடியாத ரசிகர் கூட்டம் இது. இங்கு எது பாடினால் எடுபடும் என்ற கேள்விக்குப் பின்னால் ஐந்நூறு ஆண்டு வரலாறு உள்ளது.

இம்மேடையில் அதிகம் ஒலிக்கும் பெயர் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார். 1408-ல் இன்றைய கடப்பைப் பகுதியில் பிறந்து 1503-ல் மறைந்தவர். திருவேங்கடவன் மீது அவர் 32 ஆயிரம் பாடல்கள் பாடினார் என்பது மரபு. அவரது மகன் பெத திருமலாச்சாரியார் காலத்தில் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் எனும் சிறு கல்லறையில் வைக்கப்பட்டன. பின்னர் உலகம் அவற்றை மறந்தது. 1920-களில்தான் அந்த ஏடுகள் ஆராய்ச்சியாளர்களின் கவனத்துக்கு வந்தன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும் அவற்றைப் படித்துப் பதிப்பிக்க உழைத்தவர்களில் முதன்மையானவர்கள். இன்று கைவசம் இருப்பவை ஏறத்தாழ 12 ஆயிரம் பாடல்கள்.

மெட்டு எங்கே?: சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. செப்பேடுகளில் பாடலும் ராகத்தின் பெயரும் உள்ளன. ஸ்வரக் குறிப்பு இல்லை. சில ராகங்கள் இன்று வழக்கிலேயே இல்லை. ஆகவே நாம் இன்று அன்னமய்யாவின் பாட்டு என்று கேட்பதில் சொல் 15-ம் நூற்றாண்டுக்குரியது. இசையோ பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டுக்குரியது. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற மேதைகள் மெட்டமைத்தனர். 1978-ல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கிய பின் இப்பணி வேகம் பெற்றது. அதையொட்டி எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வெளிவந்த 'பாலாஜி பஞ்சரத்தினமாலை' இசைத்தட்டுகள் இப்பாடல்களைத் தமிழகத்தின் வீடுதோறும் கொண்டு சேர்த்தன. திருப்பதி பூர்ணகும்பம் சந்திப்பில் 2006-ல் அவருக்குச் சிலை எழுந்தது அதற்கான நன்றிக்கடன் எனலாம்.

மெட்டமைத்தவர்கள் கர்நாடக இசையில் ஊறியவர்கள். அவர்கள் கையில் பாடல்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கச்சேரி நடைக்கு இசைந்துபோனது இயல்பே. ஆயினும் அன்னமாச்சாரியார் எழுதியவை அந்நடைக்குள் மட்டும் அடங்குபவை அல்ல. தாலாட்டு, ஊஞ்சல் பாட்டு, நெல் குத்தும்போது பெண்கள் பாடும் சுவ்விப் பாட்டு, கொப்பிப் பாட்டு என்று தெலுங்கு நாட்டின் வயலிலும் முற்றத்திலும் வழங்கிய வடிவங்களை அவர் தயக்கமின்றி எடுத்தாண்டார். அரசன் உறக்கமும் ஏவலாள் உறக்கமும் ஒன்றே, அந்தணனும் தீண்டத்தகாதவன் எனப்பட்டவனும் நிற்கும் நிலம் ஒன்றே என்று கூறும் 'பிரம்மமொக்கடே' நாட்டுப்புறத் துள்ளலோடு பாடப்படும்போது, நாத நீராஜனக் கூட்டம் தானாகவே கை தட்டத் தொடங்கிவிடுகிறது. அதே பாட்டை நீண்ட ஆலாபனையோடு பாடினால் பாதிப் பேர் லட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பாடகரின் குறையோ கேட்பவரின் குறையோ அன்று இது. பாட்டு பிறந்த இடம் வேறு, அதற்குச் சட்டை தைத்த இடம் வேறு.

கடல் கடந்தும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. 1969-ம் ஆண்டு கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பூங்கா ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு இலவசக் கச்சேரிகள் நடந்தன. சுமார் 3 லட்சம் பேர் கேட்டனர். கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் துயரப் பாட்டும் கலந்து உருவான 'சோல்' இசைதான் அங்கு நாயகம். அங்கு பாடிய நினா சிமோன், மேற்கத்திய செவ்வியல் பியானோ கலைஞராக வேண்டும் என்று கனவு கண்டு பயின்றவர். பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டவர். நிறமே காரணம் என்று இறுதிவரை நம்பினார். கற்ற பாஃக் இசையை அவர் கைவிடவில்லை; தம் மக்களின் பாட்டுக்குள் அதைப் புகுத்தினார். அந்தக் கச்சேரிகளைப் பதிவு செய்த ஏறத்தாழ 40 மணி நேர ஒளிநாடா, வாங்குவாரின்றி அரை நூற்றாண்டு நிலவறையில் கிடந்தது. 2021-ல் 'சம்மர் ஆஃப் சோல்' என்ற ஆவணப்படமாகி, மறு ஆண்டு ஆஸ்கர் விருதும் பெற்றது. செப்பேடு பூட்டியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் ஐம்பது ஆண்டு பெரிதல்ல என்று திருப்பதிக்காரர்கள் பெருமை பேசலாம். பூட்டி வைத்ததில் என்ன பெருமை என்றும் கேட்கலாம்.

சித்தூர்ப் பாணி: செவ்வியலும் உள்ளுருக்கமும் ஒரே தொண்டையில் குடியிருக்க முடியும் என்பதற்கு நியூயார்க் வரை போக வேண்டியதில்லை. காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடரும், லய நுணுக்கத்தில் நிகரற்றவருமான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954-ல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவரிடம் பயின்றவர் மதுரை சோமு. குருவிடம் கற்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கோயில் திருவிழாத் திடல்களில் நள்ளிரவு கடந்தும் பாமர மக்களைக் கட்டிப்போட்டவர் அவர். 1972-ல் வெளிவந்த 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகனை அவர் அழைத்த குரலைக் கேட்டவர்களுக்கு, 'சோல்' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சபாக்களில் அவரைச் சற்று ஒதுக்கிப் பேசியவர்களும் இருந்தனர். திடல்கள் அவரை ஒருநாளும் ஒதுக்கியதில்லை.

சித்தூர் வட்டாரக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் கோடைத் திருவிழாக்கள் இன்றும் பாரதக் கூத்தோடு நடைபெறுகின்றன. பகலில் ஹரிகதை, இரவில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தவமரம் ஏறுவதும், மண்ணில் சமைத்த துரியோதனன் உரு வீழ்வதும் நம் வடாற்காட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. 1911-ல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வடாற்காட்டின் ஒரு பகுதிதான் அங்கே சென்றது. ஹரிகதைக்காரர் ராகம் தவறாமல் பாடுகிறார். கூத்தில் நடிப்பவரோ ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும் மேலே குரலை உயர்த்தி ஊரையே எழுப்புகிறார். இரண்டையும் கேட்பவர்கள் ஒரே மக்கள்.

இக்கலைஞர்களின் மெட்டுகளும் கிராமத்து பஜனைக் குழுக்களின் மெட்டுகளும் முறையாகப் பதிவு செய்யப்பட்டால், செப்பேட்டில் இன்னும் மௌனமாகக் கிடக்கும் பாடல்களுக்கு இசை தேடுவோருக்கு அவை பெரும் துணையாகும். தேவஸ்தானத்துக்குப் பணம் ஒரு தடையன்று. 1959 முதல் திருப்பதியில் அதற்கென்று ஓர் இசை, நடனக் கல்லூரியும் உள்ளது. அவசரத்துக்குக் காரணமும் உண்டு. நூற்றுக்கணக்கான அன்னமாச்சாரியார் பாடல்களுக்கு மெட்டமைத்து, வித்வான்களும் பாமரரும் ஒருசேர முணுமுணுக்கச் செய்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் 2025 மார்ச்சில் திருப்பதியில் காலமானார். அவரது இடத்தில் அமர இன்னும் ஒருவர் வரவில்லை.

அன்னமாச்சாரியாரின் பிறந்தநாள் விழா வைகாசப் பௌர்ணமியில், கோடை உச்சத்தில் வருகிறது. அதையொட்டிய நாள்களில் நாராயணகிரித் தோட்டத்தில் மூன்று நாள் பத்மாவதி பரிணய உற்சவமும் இசையோடு நடைபெறும். மாலையில் ஆயிரம் விளக்குகளின் நடுவே ஊஞ்சலில் சுவாமி ஆடும்போதும் இவரது பாட்டுதான். இரவு நடை சாத்துமுன் ஏகாந்த சேவையில், தாள்ளபாக்கம் வம்சத்தார் ஒருவர் தாலாட்டுப் பாடுகிறார். அதைக் கேட்க உள்ளே இடம் கிடைப்பது சிலருக்கே. வெளியே மேடை எதிரே, மறுநாள் தரிசன முறைக்காகக் காத்திருப்பவர்கள் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள்.