அசையும் முகமும் அளக்கும் கருவியும்

முகத்தை முப்பரிமாணத்திற் பதிவுசெய்யும் கருவிகள் இன்று பல் மருத்துவத்தில் இடம்பெற்றுவிட்டன. செயற்கைப் பற்களை அமைத்தற்கும், தாடை அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடுதற்கும் அவை பயன்படுகின்றன. கருவி தருவது மாறாத புறநிலை அளவு என்றே பலரும் கருதுவர். ஆனால், அளக்கப்படும் முகம் சிலையன்று. முகபாவம் இவ்வளவீட்டை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

சிரிக்கும்போது வாயோரங்கள் மேலும் பின்னுமாக இழுபடுகின்றன; மேலுதடு மெலிகின்றது; கன்னம் திரள்கின்றது; மூக்கின் அடிப்பகுதி அகல்கின்றது. நெற்றியும் மூக்குத்தண்டும் ஒப்பளவில் அசைவு குறைந்தவை. ஆகவே, ஒருவரது இரு பதிவுகளைக் கணினியிற் பொருத்தும்போது இவ்விரு பகுதிகளையும் ஆதாரமாகக் கொள்வது பொருத்தமானது. முழு முகத்தையும் ஆதாரமாகக் கொள்ளின், சிரிப்பினால் வந்த வேறுபாடு முகமெங்கும் பரவி, சிகிச்சையின் விளைவுபோலத் தோன்றிவிடும்.

பதிவுக்கு எடுக்கும் நேரமும் முக்கியமானது. பல கமெராக்கள் ஒருங்கே இயங்கும் விலையுயர்ந்த தொகுதிகள் கண்ணிமைப்பதற்குள் முகத்தைப் பதிந்துவிடுகின்றன. 2017இல் வெளிவந்த ஐபோன் X போன்ற கைத்தொலைபேசிகளின் ஆழமுணரும் கமெராக்களாலும் முகத்தைப் பதியலாம். ஆனால், அவற்றை முகத்தைச் சுற்றி நகர்த்தப் பல செக்கன்கள் வேண்டும். அதற்குள் இமை அசையும்; உதடு நெகிழும். மலிவான கருவியை நாடுவோரே அசையாதிருக்கும் சுமையையும் ஏற்கவேண்டியுள்ளது.

இங்கு ஓர் அடிப்படை முரண்பாடு உண்டு. உதடுகள் தளர்ந்த ஓய்வுநிலை முகத்தை மீளவும் ஏறத்தாழ அவ்வாறே பெறலாம். அளவீடு அதனையே விரும்புகின்றது. ஆனால், அந்நிலையிற் பற்கள் பெரிதும் மறைந்திருக்கும். வாயினுட் பதிவை முகப் பதிவோடு இணைத்தற்குப் பற்கள் தெரியவேண்டும். சிரிக்கும்போது பற்கள் எவ்வளவு தெரியும் என்பதும் சிகிச்சைக்கு இன்றியமையாதது. எனவே, ஓய்வுநிலையும் சிரிப்புநிலையும் தனித்தனியே பதியப்படல் வேண்டும்.

எனினும், எச்சிரிப்பைப் பதிவது? உள்ளம் மகிழ்ந்த சிரிப்பிற் கண்ணைச் சூழ்ந்த தசையும் பங்குகொள்கின்றது என்றும், அது மனிதனின் விருப்பத்துக்கு எளிதிற் கீழ்ப்படிவதில்லை என்றும் பிரான்சிய மருத்துவர் டுஷேன் 1862இல் எடுத்துக்காட்டினார். வைத்தியர் சொல்ல வரும் சிரிப்பு, உரையாடலில் மலரும் சிரிப்பாகிவிடாது. சிதைந்த பற்களை நெடுங்காலம் மறைத்து வாழ்ந்தவர் உதட்டை இறுக்கியே சிரிக்கப் பழகியிருப்பார். அது அவரது இயற்கையன்று. வறுமையும் சமூகத்தின் ஏளனமும் அவர்மீது சுமத்திய பழக்கமாகும். அவ்விறுகிய சிரிப்பையே அளவாகக் கொண்டு புதிய பற்களை அமைப்பின், பழைய நாணத்தையே புதிய பற்களிலும் நிலைநிறுத்தியவராவோம்.

ஆதலின், முகபாவத்தை வெறும் அளவீட்டுப் பிழையாகக் கொண்டு ஒதுக்கலாகாது. ஓய்வுநிலைப் பதிவோடு, பேச்சிலும் சிரிப்பிலும் இயங்கும் முகத்தையும் பலமுறை பதிந்து ஒப்பிடல் வேண்டும். கருவி மேற்பரப்பை அளக்கின்றது. அம்மேற்பரப்பை இயக்கும் மனிதனை அறிவது வைத்தியரின் பணியாகும்.