அகதிகளுக்கு அரிசி சரி, வக்கீல் எதற்கு?



செட்டிகுளம் என்றதும் உங்களில் அநேகருக்குச் சின்ன வெங்காயமும், குன்றின்மேல் உள்ள முருகன் கோயிலும், அதற்கப்புறம் நம் ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வரும். இதே பெயருள்ள ஊர் ஒன்று இலங்கையில் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. 2009ல் யுத்தம் முடிந்த சமயத்தில் அங்கே மெனிக் பாம் என்ற இடத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான தமிழர்கள் முள்வேலிக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள். 2012 செப்டம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. நர்சிங் மாணவி ஒருத்தி பழைய பத்திரிகையில் "செட்டிகுளம் முகாம்" என்று பார்த்துவிட்டு, "ஐயா, இது நம்ம ஊரா?" என்று எங்களிடம் வந்து கேட்டாள். மாணவிகளின் இந்தக் காணிக்கை அந்தக் கேள்வியில்தான் ஆரம்பமாயிற்று.

சனிக்கிழமை மாலைப் பலகாரத்தை விட்டுவிட்டு அந்தக் காசை ஒரு பால்மாவு டப்பாவில் போட்டார்கள். பிறகு டப்பாவோடு சபைகளுக்கும் போனார்கள். இலங்கைத் தமிழ் அகதிகளின் சட்ட உதவிக்கு என்று அதன்மேல் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒரு சபையில் மூப்பர் ஒருவர், "அரிசிக்குக் கேளுங்கள், மருந்துக்குக் கேளுங்கள், தருகிறோம். வக்கீலுக்கு ஏன் காணிக்கை?" என்று கேட்டாராம். பிள்ளைகள் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தார்கள். மூப்பர் கேட்டது நியாயமான கேள்வி. முதலில் எங்களுக்கும் அதே சந்தேகம் இருந்தது. அதனால் இந்த இதழில் அதற்கே பதில் எழுதுகிறோம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் 2012 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். ஏறக்குறைய 58,000 பேர் மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் தங்கிவிட்டார்கள். நமக்கு அருகில் பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்திலும் ஒரு முகாம் உண்டு. 2021ல் இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றி, புதிய வீடுகளும் கட்டித் தருவதாக அறிவித்தது. மாதந்தோறும் உதவித் தொகையும் ரேஷன் அரிசியும் கிடைக்கின்றன. ஆகவே மூப்பர் சொன்ன அரிசி ஓரளவு வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களுக்கு வராதது காகிதம்.

இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம் நாட்டில் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் வெளிநாட்டவர். 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தது, அதில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு சிறிய ஆறுதல் கிடைத்தது. 9.1.2015 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள் என்று மத்திய அரசு ஆணை வெளியிட்டது. அந்த ஆணை தண்டனையை நீக்கியதே தவிர, குடியுரிமை தரவில்லை.

இதில் ஆஸ்பத்திரிக்காரர்களான நமக்கு நன்கு தெரிந்த ஒரு காகிதம் முக்கியமாகிறது. அது பிறப்புச் சான்றிதழ். 1.7.1987க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த பிள்ளை, பெற்றோர் வெளிநாட்டவராயிருந்தாலும், பிறப்பினால் இந்தியக் குடிமகன் என்பது சட்டம். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராயிருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் நிபந்தனை இன்னும் இறுகிவிட்டது. ஒரே தாய் வயிற்றில், ஒரே முகாமில், அக்காள் 1986லும் தம்பி 1988லும் பிறந்திருந்தால் அக்காள் இந்தியர், தம்பி அகதி! ஆனால் அக்காளுடைய பிறந்த தேதியை நிரூபிக்கக் காகிதம் வேண்டுமே. 1986ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022ல் அவருக்குச் சாதகமாக உத்தரவு கிடைத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தம் வாழ்நாளில் முதன்முறையாக வாக்களித்தார்.

தம்பியின் காரியம் வேறு. இலங்கைச் சட்டப்படி வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்தால்தான் அந்நாட்டுக் குடியுரிமை சுலபமாய்க் கிடைக்கும். தவறினால் விசேஷ அனுமதி வாங்க வேண்டும். நம் ஊர்ச் சட்டப்படியும் பிறப்பை 21 நாளுக்குள் இலவசமாய்ப் பதிவு செய்யலாம். ஓராண்டு தாண்டினால் அதிகாரியின் உத்தரவு இல்லாமல் முடியாது. இரண்டு பதிவையும் விட்டுவிட்டவன் இந்தியனும் இல்லை, இலங்கையனும் இல்லை. இந்தப் பதிவுகளுக்காகவே பல வருஷமாக அலைகிற ஸ்தாபனம் ஒன்று சென்னையில் இருக்கிறது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற அதை 1984ல் வழக்கறிஞர் சந்திரகாசன் ஆரம்பித்தார். அகதிகளே அதில் வேலை செய்கிறார்கள்.

மலையகத் தமிழரின் கதை இன்னும் வேதனையானது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா சம்மதித்தது. அவர்களில் சிலர் முறைப்படி வராமல், கலவரத்தில் தப்பிப் படகில் வந்ததால் அகதிகளாகவே எழுதப்பட்டுவிட்டார்கள். இப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019 ஜூனில் மதுரைக் கிளை சொன்னது. வழக்குப் போட ஆள் இருந்ததனால் வந்த உத்தரவு அது.

"இலவச சட்ட உதவி இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் குடிமகனுக்கு மட்டும் என்று எழுதவில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. எந்த மனிதனுடைய உயிரும் சுதந்தரமும் காக்கப்பட வேண்டும் என்ற அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு வெளிநாட்டவருக்கும் பொருந்தும் என்று, சக்மா அகதிகள் வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அந்த வக்கீலிடம் போய்ச் சேர பஸ் கட்டணம் வேண்டும். ஜெராக்ஸ், போட்டோ, நோட்டரி முத்திரை, சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். பெயின்ட் அடிக்கப் போகிறவருக்கு ஒரு நாள் ஆபீசில் நின்றால் அன்றைய கூலி போயிற்று. அதிலும் "நாளைக்கு வாருங்கள்" என்றால் இரண்டு நாள். மாணவிகளின் டப்பா இந்தச் சில்லறைச் செலவுக்குத்தான். மூப்பர் நினைத்ததுபோல வக்கீல் பீசுக்கு அல்ல.

வேதத்தில் ரூத் என்ற அந்நிய தேசத்துப் பெண்ணை எல்லாரும் வயலில் கதிர் பொறுக்கினவளாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் கதிர் அவளுக்குச் சில மாதச் சாப்பாடு. அவளுடைய காரியம் தீர்ந்ததோ ஊர் வாசலில், பத்து மூப்பர் சாட்சியாக உட்கார்ந்தபோது. நாற்பது வருஷம் பிரசங்கித்த நாங்களும் இந்தப் பிள்ளைகள் கேட்ட பிறகுதான் அந்த வாசலைக் கவனித்தோம்.

மாணவர்கள் அகதிகளுக்காகக் காசு சேர்ப்பது புதிதல்ல. முதல் உலக யுத்தத்துக்குப் பின் வியன்னாவில் மாணவர்கள் பட்டினி கிடந்ததை ரூத் ரவுஸ் அம்மையார் 1920ல் நேரில் பார்த்தார். உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் பல தேசத்து மாணவர்களிடம் திரட்டி அனுப்பியது. அந்த வேலையிலிருந்து வளர்ந்ததே உலகப் பல்கலைக்கழகச் சேவை. அதன் கனடாக் கிளையில் 1978 முதல் மாணவர்கள் தங்கள் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்துக் கட்டி, அகதி மாணவர்களை வரவழைத்துப் படிக்க வைக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் சட்டக் கல்லூரி மாணவர்கள் 2008ல் ஈராக் அகதிகளுக்காகத் தொடங்கிய சட்ட உதவி வேலை இன்று பல தேசத்து அகதிகளுக்கும் நடக்கிறது. நம் நாட்டிலும் ஒவ்வொரு சட்டக் கல்லூரியிலும் சட்ட உதவி மையம் இருக்க வேண்டும் என்பது விதி. நம் மாணவிகளுக்குச் சட்டம் தெரியாது. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். இரு சாராரும் சேர்ந்து உட்கார்ந்து, விண்ணப்பம் எழுதித் தர ஏற்பாடு செய்ய விரும்புகிறோம்.

பணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். டப்பாவை இரண்டு பேர் முன்னிலையில்தான் திறக்கிறோம். ஆஸ்பத்திரிக் கணக்கில் இது சேராது, தனிப் புத்தகம். முகாமுக்குள் அனுமதியில்லாமல் போகக் கூடாது. ஆகவே மாணவிகளை அங்கே அனுப்புவதில்லை. உதவி பெறுகிறவர்களின் பெயரையோ படத்தையோ இந்த இதழில் போடமாட்டோம். சாட்சி எழுதுங்கள், படம் போடுங்கள் என்று கேட்கிற அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறவருக்கு அது தொந்தரவாக முடியலாம். பிள்ளைகள் உங்கள் சபைக்கு வந்தால் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூப்பர் ஐயா கேட்டதுபோலக் கேள்வியும் கேளுங்கள். இந்த முறை அவர்கள் பதில் சொல்லுவார்கள்.