பழைய ஸ்வெட்டர் போர்வையாகும் ஊர்

பருத்தி செடியில் விளைகிறது. கம்பளி ஆட்டு முடியிலிருந்து வருகிறது. பாலியஸ்டர் எதிலிருந்து வருகிறது தெரியுமா? பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. மலிவான ஸ்வெட்டர்களில் உள்ள அக்ரிலிக்கும் அப்படித்தான். இவற்றைச் செயற்கை இழை என்கிறோம்.

உங்கள் துணி எந்த வகை? ஒரே ஒரு நூலை உருவி, கவனமாகப் பற்ற வைத்துப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் நூல் உருகும். ஆறியதும் கடுகு போலக் கெட்டியாகிவிடும். இந்தத் துணியை மண்ணில் போட்டால் எளிதில் மக்காது. குவித்து எரித்தால் நச்சுப் புகை வரும்.

அப்படியானால் கிழிந்த துணியை என்ன செய்வது?

அரியானா மாநிலத்தில் பானிப்பட் என்ற ஊர் இருக்கிறது. தில்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டர். மூன்று பெரிய போர்கள் நடந்த ஊர் என்று பிள்ளைகள் பாடத்தில் படிப்பார்கள். இன்று அங்கே பழந்துணி வேலை நடக்கிறது. வெளிநாட்டார் உடுத்திக் கழித்த துணிகள் கப்பலில் மூட்டை மூட்டையாக வருகின்றன. கம்பளி, அக்ரிலிக், பாலியஸ்டர் எல்லாம் அதில் கலந்திருக்கும்.

பெண்கள் தரையில் உட்கார்ந்து துணிகளைப் பிரிக்கிறார்கள். நம் அரிவாள்மணை போல நிறுத்திய கத்தியில் பட்டனையும் ஜிப்பையும் அறுத்து எடுக்கிறார்கள். சிவப்பு ஒரு குவியல். நீலம் ஒரு குவியல். இதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. சிவப்புத் துணியிலிருந்து சிவப்பு நூலே கிடைக்கும். மறுபடி சாயம் ஏற்ற வேண்டாம். சாயக் கழிவு ஒரு ஆற்றை என்ன செய்யும் என்பதைத் திருப்பூர் நொய்யல் கரை விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு இயந்திரம் துணியைக் கிழித்துப் பஞ்சாக்குகிறது. கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும். ஆகவே நூலுக்குப் பலம் குறைவு. சட்டைக்கு ஆகாது, போர்வைக்கு ஆகும். வெள்ளம், நிலநடுக்கம் வந்தால் மக்களுக்குக் கொடுக்கும் முரட்டுப் போர்வைகளில் பல இங்கே நெய்தவை.

ஆனால் கிழிக்கும்போது தூசி பறக்கிறது. நாள் முழுவதும் அதைச் சுவாசித்தால் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டால் போதாது. தூசியை உறிஞ்சும் விசிறி வேண்டும், நல்ல முகமூடி வேண்டும். அதற்கு முதலாளி செலவு செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. புதுப் பாலியஸ்டரில் செய்த மெத்தென்ற போர்வை கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. முரட்டுப் போர்வையை வாங்குவோர் குறைந்தார்கள். பானிப்பட்டில் பல ஆலைகள் பழந்துணியை விட்டுவிட்டுப் புதுப் போர்வைக்கே மாறிவிட்டன.