தெரிந்துகொள்ளுதலும் அழைப்பும்

மீட்கப்படுவோரைக் கடவுள் ஆதியிலேயே தெரிந்துகொண்டார் என்பது கால்வின் வழியினரின் கொள்கை. இங்கிலாந்தின் ‘பர்ட்டிகுலர் பாப்டிஸ்டு’ சபையார் இதனை 1689ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையிலும் பொறித்தனர்.

கொள்கை ஏட்டோடு நின்றதா? இல்லை. விசுவாசம் அருட்கொடை என்பதால், சபையிற் சேர விரும்புவோர் தம் உள்ளத்தில் அவ்வருள் செயற்பட்ட வரலாற்றைச் சபையார்முன் எடுத்துரைத்தல் வேண்டும். அவர்கள் இசைந்த பின்னரே முழுக்கு ஞானஸ்நானம். குழந்தைகளுக்கு அஃதில்லை, இங்கே கால்வினையே விட்டுப் பிரிந்தனர்.

சிலர் இன்னும் சென்றனர். தெரிந்துகொள்ளப்பட்டோர் இன்னாரென அறியாத நாம், எல்லோரையும் ‘விசுவாசியுங்கள்’ என்று அழைத்தல் தகாது என்றனர். கூரிய தர்க்கந்தான்; ஆயினும் பிரசங்கபீடத்தை ஊமையாக்கிய தர்க்கம் என்பேன். கெட்டரிங் போதகர் ஆண்ட்ரூ புல்லர் 1785இல் நூலெழுதி மறுத்தார்: தெரிவு கடவுளின் மறைபொருள், விசுவாசிக்கும் கடமையோ எல்லோர்க்கும் உரியது. அதே கெட்டரிங்கில் 1792இல் மிஷன் சங்கம் தோன்றிற்று. மறு ஆண்டு வில்லியம் கேரி வங்கம் வந்து சேர்ந்தார்.